உழைப்பு வேண்டும், உழைப்பவர் வேண்டா!

ஒருவரின் உழைப்பைப் பெற்றுக்கொள்ளும் நாடு, அவ்வுழைப்பைத் தந்தவரைத் தன் மக்களுள் ஒருவராக ஏற்குமா, ஏற்காதா என்னும் வினாவிற்கு விடை சொல்லியே ஆகவேண்டும். ஏற்பதாயின், அதற்குரிய வழியும் காலமும் சட்டத்தில் தெளிவாக இருத்தல் வேண்டும். ஏற்பதில்லையாயின், வருமுன்னரே அதனை வெளிப்படையாகக் கூறிவிடுதல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல், 'வருக, உழைக்க, வரி கட்டுக, காத்திருக்க' என்று சொல்லி, அக்காத்திருப்புக்கு ஓர் எல்லையும் வகுக்காமல் விட்டுவைப்பது எவ்வகை அறத்திலும் சேராது. செல்வத்தாலும் வலிமையாலும் தலைநிமிர்ந்து நிற்கும் அமெரிக்க ஒன்றிய நாடுகளின் வேலைவழிக் குடியேற்றச் சட்டம் இந்த மூன்றாம் வழியிலேயே நின்றுகொண்டிருக்கின்றது. அதனைத் திருத்துவதற்கான முயற்சிகள் இருபது ஆண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்துள்ளன. அவை ஏன் வீழ்ந்தன, இனி எழக்கூடியது எது என்பவற்றைத் தமிழர்கள், அவர்களுள்ளும் அந்நாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இங்கே காத்திருக்கும் பெற்றோர்கள், தெளிவாக அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

அமெரிக்கக் குடியேற்ற வரலாற்றில் ஆசிய மக்களுக்குக் கதவு எளிதில் திறந்ததில்லை. 1882-இல் சீனத் தொழிலாளர்கள் நுழைவதைத் தடுக்கத் தனிச்சட்டமே இயற்றப்பெற்றது. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியாவின் பெரும்பகுதியையே தடைசெய்யப்பெற்ற நிலப்பகுதியாக வரைந்து காட்டியது. 1923-இல், பகத்சிங் திண்டு என்பாரின் குடியுரிமை பற்றிய வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர் ஆதலின் குடிமக்களாதற்கு உரியரல்லர் என்று அந்நாட்டு உச்ச மன்றம் தீர்ப்புரைத்தது. 1946-இல் கதவு சற்றே திறந்தது. ஆண்டுக்கு நூறு இந்தியர் குடியேறலாம் என்றனர். 1965 அக்தோபர் 3-ஆம் நாள், குடியரசுத் தலைவர் இலிண்டன் சான்சன் விடுதலைச் சிலையின் அடியில் அமர்ந்து கையொப்பமிட்ட சட்டமே, பிறப்பினத்தையும் பிறந்த நாட்டையும் பார்த்து ஆள் பொறுக்கும் பழைய முறையை ஒழித்தது. இன்று அங்கே வாழும் தமிழ் மருத்துவர்களும் பொறியாளர்களும் அச்சட்டம் திறந்த வழியில் சென்றவர்களும் அவர்கள் வழிவந்தவர்களுமே ஆவர்.

இன்றைய சிக்கலின் வேர் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. மூத்த புசு அவர்கள் ஆட்சியில் இயற்றப்பெற்ற அச்சட்டம், பச்சை அட்டை எனப்படும் நிலைக்குடி உரிமையை வேலையின் வழியாக ஆண்டொன்றுக்கு 1,40,000 பேருக்கு வழங்கலாம் என்று வரையறுத்தது. அன்று அஃது ஒரு பெருந்தொகை. அதற்கு முன்பு இருந்தது 54,000-மே. ஆயின் அதனோடு மூன்று கட்டுகளையும் அச்சட்டம் போட்டது. முதலாவது, எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்க்கும் பொதுவாக நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் கிடைக்கலாகாது. இரண்டாவது, உழைப்பவரின் மனைவி அல்லது கணவரும் பிள்ளைகளும் அந்தத் தொகைக்குள்ளேயே எண்ணப்பெறுவர். மூன்றாவது, ஒரு கணக்காண்டுக்குள் வழங்கப்பெறாத இடங்கள் அடுத்த ஆண்டில் இப்பிரிவினர்க்கே சேர்த்து வைக்கப்பெறுவதில்லை. இம்மூன்று கட்டுகளும் இன்றளவும் அவிழவில்லை. 1990-இல் கணிப்பொறித் தொழில் எங்கிருந்தது, இன்று எங்கிருக்கின்றது என்று எண்ணிப் பார்ப்போர்க்கு, அன்றைய அளவுகோல் இன்றைய உலகுக்கு எவ்வளவு பொருந்தாது என்பது விளங்கும்.

நூற்றுக்கு ஏழு என்றால் ஒரு நாட்டிற்கு ஏறத்தாழ 9,800 இடங்கள். நூற்று நாற்பது கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட இந்தியாவிற்கும் அதே வரம்பு. நான்கு இலக்கம் மக்களைக் கொண்ட ஐசுலாந்திற்கும் அதே வரம்பு. அதிலும் அந்த இடங்களுள் பாதிக்கும் மேற்பட்டவை உழைப்பவரின் குடும்பத்தார்க்கே போய்விடுகின்றன. இன்னொரு பக்கத்தில், எச்-1பி எனப்படும் தற்காலப் பணி நுழைவிசைவு, அதாவது விசா, ஆண்டுக்கு 65,000 பேருக்கும், அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் மேற்பட்டம் பெற்றோர் 20,000 பேருக்கும் வழங்கப்பெறுகின்றது. அண்மை ஆண்டுகளில் ஒப்புதல் பெற்ற எச்-1பி வேண்டுகைகளுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை இந்தியாவில் பிறந்தவர்க்கு உரியவை. நுழையும் வாயில் அகலம். உள்ளே தங்கும் அறையின் வாயிலோ ஊசிமுனை. இடையில் நிற்கும் கூட்டம் பெருகாமல் என்ன செய்யும்?

அக்கூட்டத்தின் அளவைக் கேட்டோ ஆய்வு நிறுவனம் 2023-இல் கணக்கிட்டுக் கூறியது. வேலைவழிப் பச்சை அட்டைக்குக் காத்திருப்போர் அன்று ஏறத்தாழ 18 இலக்கம் பேர். அவர்களுள் இந்தியர் மட்டும் ஏறத்தாழ 11 இலக்கம் பேர். இந்தியாவிலிருந்து புதிதாக வரிசையில் சேரும் ஒருவர் 134 ஆண்டுகள் காத்திருக்க நேரும் என்றும் அக்கணக்கு கூறியது. அமெரிக்க அரசு திங்கள்தோறும் வெளியிடும் நுழைவிசைவு அறிக்கையைப் பார்த்தவர்கள், 2025-ஆம் ஆண்டின் இறுதியிலும் இந்தியர்க்கான இரண்டாம், மூன்றாம் பிரிவுகளில் 2013-ஆம் ஆண்டில் பதிந்தவர்களின் முறையே நடந்துகொண்டிருந்ததைக் கண்டிருப்பர். 134 ஆண்டுகள் என்பது வாழ்நாளைக் கடந்த வரிசை. வாழ்நாளைக் கடந்த வரிசைக்கு வரிசை என்று பெயரிடுவதே பொய். அது மறுப்பு, மறுப்பென்று சொல்லத் துணிவில்லாத மறுப்பு.

இவ்விடத்தில் தமிழர்கள் கருதத்தக்க ஒன்று உண்டு. இச்சட்டம் ஒருவரின் மொழியைப் பார்ப்பதில்லை, இனத்தைப் பார்ப்பதில்லை, அவர் இப்பொழுது எந்நாட்டுக் குடிமகன் என்பதைக்கூடப் பார்ப்பதில்லை. எந்த மண்ணில் பிறந்தார் என்பதொன்றையே பார்க்கின்றது. மதுரையில் பிறந்த தமிழர் இந்திய வரிசையில் நிற்கின்றார். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரும் சிங்கப்பூரில் பிறந்த தமிழரும் பினாங்கில் பிறந்த தமிழரும் வேறு வரிசையில், பல ஆண்டுகள் முன்னதாக, உரிமை பெற்றுவிடுகின்றனர். மதுரைத் தமிழர் கனடாவில் குடியுரிமை பெற்றுப் பின்னர் அமெரிக்காவிற்குச் சென்றாலும், அவர் இந்திய வரிசையிலேயே நிறுத்தப்பெறுவார். ஒரே கல்வி, ஒரே திறம், ஒரே நிறுவனம், ஒரே நாளில் பதிவு. பிறந்த மருத்துவமனை வேறு என்பதால் முடிவு வேறு. கணவரும் மனைவியும் வெவ்வேறு நாடுகளில் பிறந்திருப்பின், இருவருள் எவருடைய வரிசை குறுகியதோ அதில் நிற்கலாம் என்பதொன்றே சட்டம் காட்டும் இரக்கம். 1965-இல் 'பிறந்த நாடு பார்க்கமாட்டோம்' என்று விடுதலைச் சிலையின் அடியில் உரைத்த உறுதிமொழி, எண்ணிக்கை வரம்பு என்னும் பின்வாயிலின் வழியே இவ்வாறு பொய்யாக்கப்பெற்றுள்ளது.

சட்டத்தின் சொற்களைப் பகுத்துப் பார்த்தால் அதன் உள்ளம் இன்னும் தெளிவாகும். பத்தாண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் வாழ்ந்து, வரி செலுத்தி, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் எச்-1பி பணியாளருக்கு அச்சட்டம் இட்டிருக்கும் பெயர் 'குடியேறாதவர்' என்பது. பச்சை அட்டைக்கான வேண்டுகையில், பெரும்பாலான பிரிவுகளில், 'வேண்டுநர்' என்று குறிக்கப்பெறுபவர் வேலை தருபவரே. உழைப்பவர் வெறும் 'பயன்பெறுநர்'. தம் வாழ்வைப் பற்றிய கோப்பில் தாமே வேண்டுநராக அவர் நிற்க இயலாது. இலக்கணத்தில் சொல்வதானால், அச்சட்டத்தின் சொற்றொடரில் உழைப்பவர் எழுவாய் அல்லர், செயப்படுபொருள். வேலை தருபவர் வேண்டுகின்றார். அரசு வழங்குகின்றது அல்லது மறுக்கின்றது. உழைப்பவர் இருவர்க்கும் இடையே கைமாறுகின்றார். இனி வரும் எந்தத் திருத்தத்தையும் இந்த ஓர் உரைகல்லில் உரசிப் பார்த்தல் வேண்டும்: அஃது உழைப்பவரை எழுவாய் ஆக்குகின்றதா, இல்லையா?

செயப்படுபொருளாக இருப்பதன் துன்பம் நாள்தோறும் தெரிவது. எச்-1பி பணியாளர் வேலையை இழந்தால், புதிய வேலை தருபவரைத் தேடவோ நாட்டை விட்டுப் புறப்படவோ அவருக்குள்ள தவணை பொதுவாக அறுபது நாள். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவர் வேறு நிறுவனத்திற்கு மாறுவதைச் சற்றே எளிதாக்கியது என்பதும், வரிசையில் நிற்போர் ஆறாண்டு வரம்பைக் கடந்தும் தங்க வழிசெய்தது என்பதும் உண்மையே. ஆயினும் புதிய நிறுவனம் பச்சை அட்டைக்கான பணிச் சான்றிதழ் வேலையை முதலிலிருந்து தொடங்குதல் வேண்டும். பழைய வேண்டுகை ஒப்புதல் பெற்றிருந்தால்தான் வரிசையில் பழைய இடம் நிற்கும். எனவே சம்பளம் குறைவென்று தெரிந்தும், மேலாளர் கடுமையானவர் என்று தெரிந்தும், பதவி உயர்வு மறுக்கப்பெற்றும், வாய் திறவாது இருப்பவர் பலர். கூலிகளாய்க் கப்பலேற்றப்பட்ட தமிழர் தோட்டங்களில் பட்ட பாட்டோடு, உயர்சம்பளம் பெறும் பொறியாளரின் நிலையை ஒப்பிடுதல் பொருந்தாது. அது முன்னோர்பட்ட துயரைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆனால் தங்கும் உரிமையை வேலை தருபவரின் கையில் கட்டிவைக்கும் முறை, கூலி பெரிதாயினும் சிறிதாயினும், கட்டே.

வியப்பு என்னவெனில், இம்முறையின் தீமையை அமெரிக்கா முன்னரே உணர்ந்திருந்தது. 1885-ஆம் ஆண்டில், அயல்நாட்டுத் தொழிலாளர்களை முன்கூட்டியே ஒப்பந்தத்தாற் பிணித்து, வழிச்செலவு கொடுத்து இறக்குமதி செய்வதைச் சில விலக்குகளோடு தடைசெய்து அந்நாடு சட்டம் இயற்றியது. அயலார்மேல் வெறுப்பும் அச்சட்டத்தில் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிணிக்கப்பெற்ற தொழிலாளி ஒருவன் இருந்தால், பிணிக்கப்பெறாத தொழிலாளியின் கூலியும் வீழும் என்னும் உண்மையை அந்நாட்டு உழைப்பாளர் அமைப்புகள் அன்றே கண்டிருந்தன. நூறாண்டு கழித்து வந்த சட்டமியற்றியோர் அதனை மறந்தனர்.

குடும்பத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கைக்குழந்தையாய்ப் பெற்றோருடன் சென்ற பிள்ளை, அந்நாட்டிலேயே பள்ளி முடித்துக் கல்லூரி புகுந்து, இருபத்தொரு வயதை எட்டும்பொழுது, பெற்றோரின் வேண்டுகையிலிருந்து கழிக்கப்பெறுகின்றது. அதன்பின் அப்பிள்ளை தனக்கெனத் தனி நுழைவிசைவு தேடுதல் வேண்டும். இல்லையேல் நினைவே இல்லாத ஒரு நாட்டுக்குத் திரும்புதல் வேண்டும். வரிசையில் நிற்போர் சிலரின் மனைவியர்க்கும் கணவர்க்கும் வேலை செய்யும் உரிமையை 2015-இல் ஒபாமா அரசு ஒரு விதியாகத் தந்தது. அடுத்து வந்த அரசு அதனை நீக்கப்போவதாக அறிவித்தது, வழக்குகளும் நடந்தன. நீக்கப்படவில்லையாயினும், ஆண்டுக்கணக்கில் அக்குடும்பங்கள் அச்சத்திலேயே வாழ்ந்தன. சட்டத்தால் வராத உரிமை எப்பொழுதும் அவ்வாறுதான் நடுங்கிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் தெரிந்தும் அமெரிக்கப் பேராயம் ஏன் திருத்தம் செய்யவில்லை? முயலவில்லை என்று சொல்வதற்கில்லை. 2006-இல் மேலவை ஒரு பெரும் முன்வரைவை நிறைவேற்றியது. கீழவை அதனை எடுத்துக்கொள்ளவில்லை. 2011-இல் கீழவை, நாட்டு வரம்பை வேலைவழிப் பிரிவில் நீக்கும் முன்வரைவை 389-க்கு 15 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. மேலவையில் அது கிடப்பில் கிடந்தது. 2013-இல் மேலவை 68-க்கு 32 என்று ஒரு முழுச் சீர்திருத்தத்தை நிறைவேற்றியது. நாட்டு வரம்பை நீக்குதல், குடும்பத்தாரைத் தொகைக்குள் எண்ணாமை ஆகிய இரண்டும் அதில் இருந்தன. கீழவை அதனை வாக்குக்கே விடவில்லை. 2019-இல் கீழவை மீண்டும் 365-க்கு 65 என்று நாட்டு வரம்பை நீக்க ஒப்பியது. 2020 திசம்பரில் மேலவை ஒருமனதாக ஒப்பியது. ஆனால் இரண்டு அவைகளும் ஒப்பிய வரைவுகள் வெவ்வேறாக இருந்தன. அவற்றை ஒன்றாக்குவதற்குள் பேராயத்தின் ஈராண்டுக் காலம் முடிந்தது. முடிந்ததும் முன்வரைவும் மாண்டது. 2022 திசம்பரில் இதே வகையான வேறொரு முன்வரைவு கீழவையில் வாக்குக்கு வரும் வேளையில் பின்வாங்கப்பெற்றது. 2024 பிப்பிரவரியில், ஐந்தாண்டுக்கு ஆண்டுதோறும் 50,000 இடங்களைக் கூட்டும் பகுதியையும் கொண்டிருந்த எல்லைக் காவல் முன்வரைவு, மேலவையில் 49-க்கு 50 என்று தடைப்பட்டது.

ஓர் அவை ஒப்பினால் மற்றோர் அவை ஒப்பாது. இரண்டும் ஒப்பினால் காலம் ஒப்பாது! இது தற்செயல் அன்று. இதற்கு மூன்று கரணியங்கள் உண்டு. மேலவையில் வழக்கமான முன்வரைவு எதுவும் முட்டுக்கட்டையைக் கடக்க நூற்றுக்கு அறுபது வாக்குகள் வேண்டும்; எக்கட்சியும் தனித்து அதனைப் பெறுதல் அரிது. வேலைவழிக் குடியேற்றம் என்னும் சிறு சிக்கலை, எல்லை தாண்டி வருவோர், ஏதிலியர், ஆவணமின்றி வாழ்வோர் என்னும் பெருஞ்சிக்கல்களோடு சேர்த்துக் கட்டிவிடுகின்றனர். ஒன்றைப் பணயமாக வைத்து மற்றொன்றைக் கேட்பதே இருகட்சியினரின் உத்தி. மூன்றாவது கரணியம் வெளியில் சொல்லப்படாதது: இன்றைய நிலையால் பயனடைவோர் உளர். வேறிடம் போக இயலாத திறமுள்ள பணியாளரைக் குறைந்த செலவில் வைத்திருப்பது பல நிறுவனங்களுக்கு உகந்தது. அவை எச்-1பி எண்ணிக்கையைக் கூட்டுமாறு கேட்கும் குரலின் உரப்பை, பணியாளரின் கட்டை அவிழ்க்குமாறு கேட்கும் குரலில் காண்பதற்கில்லை.

அமெரிக்கத் தொழிலாளரின் குறையையும் ஈண்டு நேர்மையாகக் கேட்டல் வேண்டும். நுழைவிசைவில் வந்தவர்களுக்குத் தம் வேலையைத் தாமே கற்றுக்கொடுத்துவிட்டு வெளியேற்றப்பெற்ற அமெரிக்கர்களின் முறையீடுகள் 2015-ஆம் ஆண்டளவில் அந்நாட்டு மேலவை வரை சென்றன. அவர்களின் சினம் வந்தவர்மேல் திருப்பிவிடப்படுகின்றது, வரவழைத்தவர்மேல் திருப்பப்படுவதில்லை. கட்டுண்ட தொழிலாளியை விடுவித்தால், அவர் தம் திறத்திற்குரிய சம்பளத்தைக் கேட்பார்; அப்பொழுது உள்ளூர்த் தொழிலாளியைக் கழித்துவிட்டு மலிவான ஆளைத் தேடும் தேவையும் குறையும். எனவே இருவருடைய நலனும் ஒன்றே. அதனை இருவரும் உணராதிருப்பதே இடையில் நிற்போர்க்கு ஆக்கம்.

அதுபோலவே, நாட்டு வரம்பை நீக்கிவிட்டால் எல்லாம் தீரும் என்று இந்தியர் சிலர் முழங்குவதும் முழுமையான உண்மையன்று. மொத்தத் தொகை 1,40,000 என்றே நின்று, நாட்டு வரம்பு மட்டும் நீங்கினால், இந்திய வரிசை குறுகும். பிலிப்பீன்சுச் செவிலியர், ஆப்பிரிக்க மருத்துவர், இலத்தீன் அமெரிக்க ஆய்வாளர் ஆகியோரின் வரிசை நீளும். சுமையை ஒருவர் தலையிலிருந்து இறக்கி மற்றொருவர் தலையில் ஏற்றுவது சீர்திருத்தம் ஆகாது. தமக்கிழைத்த முறைகேட்டை எதிர்ப்பவர், பிறர்க்கிழைக்கும் முறைகேட்டை ஏணியாகக் கொள்ளலாகாது.

சட்டமன்றம் உறங்கும் நாட்டில் ஆணைகள் ஆளும். 2025 செப்தம்பர் 19-ஆம் நாள் குடியரசுத் தலைவர் திரம்பு வெளியிட்ட அறிவிப்பாணை, புதிய எச்-1பி வேண்டுகைகளுக்கு 1,00,000 தாலர் கட்ட வேண்டும் என்றது. ஓரிரவில் வந்த அவ்வாணையால், விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள் வானூர்தி நிலையங்களுக்கு விழுந்தடித்து ஓடினர். அது புதிய வேண்டுகைகளுக்கு மட்டுமே என்னும் விளக்கம் அதன் பின்னரே வந்தது. எதிர்த்து வழக்குகளும் தொடுக்கப்பெற்றன. அதே நாளில் வெளிவந்த இன்னோர் ஆணை, பத்து இலக்கம் தாலர் அளிப்போர்க்குப் 'பொன் அட்டை' என்று விரைவழி திறந்தது. பன்னிரண்டு ஆண்டு உழைத்தவர் வரிசையில். பணம் வைத்திருப்பவர் வாயிலில்! ஆணையால் வந்தது ஆணையால் போகும் என்று அமைதி கொள்வதற்கில்லை. ஆணையால் வரும் நன்மையும் அவ்வாறே போகும்.

இனி, வருங்காலம் எவ்வாறு இருக்கும்? எல்லாவற்றையும் ஒருங்கே தீர்க்கும் பெருஞ்சட்டம் அண்மையில் வரும் என்று நம்புவதற்கு இருபதாண்டு வரலாறு இடந்தரவில்லை. 2025 சூலையில் இரு கட்சிகளையும் சார்ந்த கீழவை உறுப்பினர் இருவர் முன்வைத்த சட்ட முன்வரைவு, ஏழு பங்கு என்னும் வரம்பைப் பதினைந்தாக உயர்த்தக் கோரியது. அதுவும் எல்லை, ஆவணமின்றி வாழ்வோர் ஆகிய சிக்கல்களோடு கட்டப்பெற்ற ஒன்றே. ஆகையால் நம்பிக்கை வைக்கத்தக்கவை சிறு திருத்தங்களே. உழைப்பவரை மட்டும் எண்ணி, குடும்பத்தாரைத் தொகைக்கு வெளியே வைத்தல் ஒன்று. அலுவலகத் தாமதத்தால் வீணான இடங்களை மீட்டுத் தருதல் மற்றொன்று. 2021-ஆம் கணக்காண்டில் மட்டும் ஏறத்தாழ 66,000 இடங்கள் அவ்வாறு வீணாயின. வேண்டுகை பதிந்த நாளில் பிள்ளைக்கிருந்த வயதையே வயதாகக் கொள்ளுதல் மூன்றாவது. வரிசையில் சில ஆண்டுகள் நின்றவர் எந்நிறுவனத்திலும் பணிபுரியவும், தம் கோப்பைத் தாமே நடத்தவும் உரிமை பெறுதல் நான்காவது. முதல் மூன்றும் துன்பத்தைக் குறைக்கும். நான்காவதே முறையை மாற்றும். நிறுவனங்கள் முதல் மூன்றற்குத் தலையசைக்கலாம். நான்காவதற்குத் தாமாக அசைக்கா. எனவே உழைப்பவர்களே அதனைக் கேட்டாக வேண்டும்.

கேட்பதற்கு அங்குள்ளவர்கள் அஞ்சுகின்றனர். அவர்களுக்கு அங்கே வாக்குரிமை இல்லை. வேலை போகும் என்னும் அச்சம் உண்டு. ஆனால் முன்னரே சென்று குடிமக்களாகிவிட்ட தமிழர்களுக்கு வாக்குரிமை உண்டு, அச்சமில்லை. 1965-இல் திறந்த கதவின் வழியே சென்றவர்கள், அக்கதவு பின்வந்தவர்க்கு இடுங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருத்தல் தகாது. தம் தொகுதி உறுப்பினரிடம் ஆண்டுதோறும் கேட்கப்பெறாத கோரிக்கை எந்த மன்றத்திலும் சட்டமாவதில்லை.

இங்குள்ள பெற்றோர்களும் இளைஞர்களும் அறியவேண்டியது ஒன்று. எச்-1பி என்பது அமெரிக்கக் குடியுரிமையின் முதற்படி என்று விளம்பரம் செய்வோரை நம்பி, நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் பிள்ளைகளை அனுப்புதல் வேண்டா. போகின்றவர், சட்டம் இன்று தமக்கு இட்டிருக்கும் பெயர் 'குடியேறாதவர்' என்பதே என அறிந்து போகட்டும். போனபின், கிடைத்த சம்பளத்திற்கு நன்றியாய் உரிமையை விட்டுக்கொடாமல், தம்மைப் போன்றாரோடு ஒன்றுசேர்ந்து அப்பெயரை மாற்ற முயலட்டும்.

உழைப்பை வாங்குவோர் உழைப்பவரையும் ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். ஏற்க மனமில்லையேல் வாங்காதிருத்தல் வேண்டும். இது கொடையும் அன்று, இரக்கமும் அன்று, கணக்கு நேர்மை. உழைப்பவர் தம் கோப்பில் தாமே வேண்டுநராய் நிற்கும் நாளே அச்சட்டம் திருந்திய நாள்.